சாட்சிக்கு நான் பூசிய சாயம்

சம்பளமில்லாத வேலைகளிலேயே கஷ்டமானது சபை வாட்ஸ்ஆப் குழுவுக்கு அட்மினாக இருப்பதுதான். ராஜினாமாவும் செய்ய முடியாது. செய்தால் விசுவாசத்தை விட்டே போய்விட்டதாகப் பேசுவார்கள்.

பழவேற்காடு கடைத்தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காகப் பாஸ்டர் என்னை அட்மின் ஆக்கினார். சபையின் ஃபேஸ்புக் பக்கமும் என் தலையில்தான் விழுந்தது. உங்களில் யாராவது இதே பாரத்தைச் சுமப்பவராக இருந்தால், கீழே உள்ளதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

பெயர் சொல்லாத விண்ணப்பம்

ஜெப விண்ணப்பம் என்ற தலைப்பில் வருவதை நான் தடுப்பதில்லை. ரெபேக்காள் சிஸ்டர் ஒரு நாள் இப்படிப் போட்டார்: "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள். லைட்ஹவுஸ் குப்பம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு, நீலக் கதவு. கணவர் குடிக்கிறார்." நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் யோசிக்காமல் ஒன்று போட்டேன்.

அடுத்த வாரம் அந்தச் சகோதரி ஆதார் நகல் எடுக்கக் கடைக்கு வந்தாள். விசாரிக்க வேண்டுமே என்று, எல்லோரும் உனக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லி வைத்தேன். அவள் சில்லறையை எண்ணாமலேயே பைக்குள் போட்டுக்கொண்டாள். "தெரியும்க்கா. ஜெபம் பண்ணவங்க அத்தினி பேரும் வந்து கதவு கலரு பாத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

இரண்டு கேள்வி

ஸ்டீபன் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். ஆராதனையில் கண்ணீர் விட்டுப் பாடுகிற பையன். யாரோ அனுப்பினார்கள் என்று, பாய்மார்களின் பண்டிகையைக் கேலி செய்யும் ஒரு வீடியோவைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தான். அவனுடைய படகு இன்ஜின் அப்போது நூர் பாய் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்டுக் கிடந்தது என்பது அவனுக்கு நினைவே இல்லை.

சொன்ன நாளில் பாய் இன்ஜினைத் தயாராக வைத்திருந்தார். இரண்டு முறை ஓட்டிக் காட்டினார், டீ வரவழைத்துக் கொடுத்தார். கிளம்பும்போதுதான் கேட்டாராம். ஸ்டீபன் என் கடையில் நின்று தலை குனிந்தபடி அதை அப்படியே சொன்னான்: "தம்பி, அந்த ஸ்டேட்டஸ நான் பாக்கமாட்டேன்னு போட்டியா, பாக்கணும்னு போட்டியா?"

நாலாவது விதி

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று எனக்கு ஆவேசம் வந்தது. ஏழு விதிகளை டைப் அடித்து, லேமினேட் செய்து, சபைக் கதவில் ஒட்டினேன். அடுத்த வீட்டுக் கதையை விண்ணப்பமாக்கக் கூடாது, பிற மதத்தாரைப் புண்படுத்தக் கூடாது, சரிபார்க்காமல் எதையும் பகிரக் கூடாது, இப்படிப் போகும். நாலாவது, இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆடியோ அனுப்பக் கூடாது. ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது பெருமையாகவே இருந்தது, மறைக்க மாட்டேன்.

பாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார். "நாலாவது எனக்குத்தானே சிஸ்டர்?" என்றார்.

தேவராஜின் முட்டி

கோட்டைக்குப்பத்திலிருந்து எங்கள் சபைக்கு வருவது இரண்டே குடும்பம். அதில் ஒன்று தேவராஜ் குடும்பம். முட்டி வலியால் இரண்டு மாதமாக அவர் இறால் பிடிக்க ஏரியில் இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் தோளையும் பிடிக்காமல் நடந்து வந்தார். கர்த்தர் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழுந்து, "வூட்லருந்து இங்க வரைக்கும் நடந்தே வந்தேன், ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான் அவர் சாட்சி.

மறுநாள் காலை அதை ஃபேஸ்புக்கில் போட உட்கார்ந்தேன். நடந்து வந்தார் என்று மட்டும் போட்டால் யார் பார்ப்பார்கள் என்று தோன்றியது. என் போனில் போன வருஷம் எடுத்த படம் ஒன்று இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் தேவராஜ், கூடை நிறைய இறால், முகம் நிறையச் சிரிப்பு. அதைப் போட்டு, "முழங்கால் சுகம் பெற்ற சகோதரருக்கு இன்று காலை கர்த்தர் கொடுத்த ஆசீர்வாதம்" என்று எழுதினேன். பொய் எழுதுகிறேன் என்ற நினைப்பே வரவில்லை. கொஞ்சம் அலங்காரம் என்றுதான் நினைத்தேன். மத்தியானத்துக்குள் லைக் குவிந்தது.

மூன்று மணிக்கு தேவராஜின் மனைவி மார்த்தா கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. போனை என் முன்னால் மேஜையில் வைத்தாள். "எங்க வூட்டுக்காரு காலைலருந்து முட்டிக்குத் தைலம் போட்டுனு கட்டில்ல படுத்துனுகீறாரு. நீங்க போட்ட போட்டோல ஏரில எறா புடிச்சினுகீறாரு. எது நெஜம்க்கா?"

அழித்த பிறகு

விஷயம் என்னவென்று அவள் சொல்லித்தான் புரிந்தது. ஏரியில் இறால் வலை கட்டும் நல்ல இடங்களில் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்று அதற்குப் பெயர். அடுத்தவனுக்குப் பாடு உள்ள இடத்தில் இறங்குவது அங்கே திருட்டுதான். படத்தில் பின்னால் தெரிந்த வலைக் கழிகளைப் பார்த்தே அது எந்த இடம் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் திங்கட்கிழமை அங்கே முருகேசன் என்பவருடைய பாடு, அவருக்கோ அன்று ஒன்றும் விழவில்லை. தேவராஜ் முன்னாலேயே போய் வாரிவிட்டார் என்று பேச்சாகிவிட்டது. நிஜம் என்று முடிவானால் இந்த சீசன் முழுக்க அவருக்குப் பாடு கிடையாது. முட்டி சரியாகட்டும் என்று அவர் காத்திருந்ததே அதற்குத்தான்.

நான் பதறிப்போய்ப் பதிவை அழித்தேன். அதைவிட மடத்தனம் வேறில்லை. திருட்டு வெளியானதும் அழித்துவிட்டார்கள் என்று பேச்சு இன்னும் வளர்ந்தது. அப்புறம் சபையின் ஃபேஸ்புக் பக்கத்தில், "ஒரு பதிவில் சிறு தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்" என்று மரியாதையாகப் போட்டேன். அதில் என் பெயரும் இல்லை, தேவராஜ் பெயரும் இல்லை. அதற்குக் கீழே கோட்டைக்குப்பத்து ஆள் ஒருவர் எழுதிய பதில் ஒன்றே ஒன்றுதான்: "தப்பு யார்து?"

ஊர்க் கூட்டம்

புதன்கிழமை சாயங்காலம் ஊர் கூடியது. பாஸ்டர் தானும் வருவதாகச் சொன்னார். எழுதினவள் நான், நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது இருந்த தைரியம் அங்கே போய் நின்றபோது இல்லை. தேவராஜ் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் போனில் அந்தப் படத்தையும், அது எடுத்த தேதியையும் காட்டினேன். போன் கைமாறிக் கைமாறிப் போனது. "இது போன வருஷத்துப் படம். இன்னிக்குன்னு எழுதினது நான். அவருக்கு ஒண்ணுமே தெரியாது" என்றேன்.

தேவராஜ் மேல் தப்பில்லை, அவர் பாடு அவருக்குத்தான் என்று முடிவாயிற்று. போன் கடைசியாக முருகேசன் கையில் இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன், அவர் திட்டவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "உங்க சாமி பேரப் போட்டுத்தானேம்மா எழுதின? அதுல இன்னாத்துக்கு இல்லாதத சேத்த?"



அடுத்த சாட்சி

அன்று வீட்டுக்கு வந்ததும், நடந்ததை என் பெயரைப் போட்டு அதே ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினேன். லைக் ஒன்பதுதான் வந்தது. அதில் ஒன்று முருகேசனுடையது.

மூன்று வாரம் கழித்து தேவராஜின் பாடு வந்தது. முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டு இறங்கினாராம். அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அவர் எழுந்து நின்று என் பக்கம் பார்த்தார். வழக்கம்போல நான் முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். "அக்கா, அத பைல வெச்சிட்டீங்கன்னா சொல்லிடுவேன்" என்றார்.

சபைக் கதவில் உள்ள ஏழு விதிகளுக்குக் கீழே, 'இன்று என்று எழுதுமுன் காலண்டரைப் பார்' என்று எட்டாவதைப் பேனாவால் சேர்த்திருக்கிறேன். எங்கள் சபையில் அது தேவைப்படுகிற ஒரே ஆள் அதை எழுதினவள்தான்.