அப்பா கேட்ட பெரிய திரை

காலணி வரைவதற்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய அண்ணனின் கதையைச் சித்தப்பா பல ஆண்டுகள் திருமண வீடுகளில் சொல்லிவந்தார். அவர் தொடங்கும்போதே பந்தலில் சிரிப்பு எழும். ஒவ்வொரு முறையும் திரை சற்றுப் பெரிதாகும். அப்பா சற்று அறிவு குறைந்தவர் ஆவார். இப்போது சித்தப்பா அதைச் சொல்வதில்லை. ஆனால் கேட்டவர்கள் மறக்கவில்லை. ஆகவே நான் கண்ணால் கண்டவற்றையும், பின்னாளில் அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். நினைவு தயங்கும் இடத்தில் நானும் நின்றுவிடுவேன்.

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் அப்பா பேட்டர்ன் மாஸ்டராக இருந்தார். காலணியின் மேற்பகுதிக்குத் தோலை எந்தெந்த வடிவில், எந்தெந்த அளவில் வெட்ட வேண்டும் என்பதைக் கணினியில் வரைந்து தருவது அவர் பணி. நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, வேலை முடிந்து திரும்பும் வழியில் சாலைப் பள்ளம் ஒன்றில் வண்டியோடு விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தவரைப் பார்க்கத் தொழிற்சாலையிலிருந்து மேலாளர் வந்தார். ஆரஞ்சுப் பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“கஸ்டமர் காத்துனு இருக்காங்க மாஸ்டர். இந்த டிசைன வீட்லயே போட்டுக் குடுத்துட்டா உங்க சீட்டு உங்களுக்குத்தான். இல்லன்னா வேற ஆள வச்சாகணும். என் கையில ஒண்ணும் இல்ல.”

அந்த ‘வேற ஆள்’ என் மனத்தில் உடனே உருவம் பெற்றுவிட்டான். அப்பாவின் நாற்காலியில் அமர்ந்து, அப்பாவின் தேநீரைக் குடிப்பான். தெருவில் எந்த வண்டி நின்றாலும், அவன்தான் முகவரி விசாரித்து வந்துவிட்டானோ என்று சன்னலுக்கு ஓடிப் பார்ப்பேன்.

சித்தப்பா வாலாஜாபேட்டையில் கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தார். பழைய உறுப்புகளைச் சேர்த்து ஒரு கணினிப் பெட்டியை அமைத்துக் கொண்டுவந்தார். திரைதான் இல்லை. அதை வாங்க, அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆம்பூர் பஜாருக்குப் போனோம். ஊன்றுகோலைப் பிடித்துக்கொள்ள என்னையும் அழைத்துச் சென்றார்கள்.

கடையில் சித்தப்பா நேராகக் கணினித் திரைகள் இருந்த பக்கம் சென்றார். அப்பா அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சிகளுள் பெரியதன்முன் நின்றார்.

“ண்ணா, சொன்னா கேளு,” என்றார் சித்தப்பா. “டிவின்றது தூரமா உக்காந்து பாக்குறதுக்கு. அதுல கோடு போட்டா ஓரமெல்லாம் கட்டாயிடும், எழுத்து கொழகொழன்னு தெரியும். மானிட்டரு சின்னதா இருந்தாலும் சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும்.”

“சின்னது வேணாம்.”

“இன்னாண்ணா, வேலை செய்யப் போறியா, மேட்சு பாக்கப் போறியா?”

கடைக்காரர் சிரித்தார். “வுடுங்க தம்பி. பகல்ல சாருக்கு வேலை, சாயந்தரம் வீட்ல சீரியலு. ஒரே பொட்டி, பேஜாரே இல்ல.”

அப்பாவின் ஊன்றுகோல் தரையில் இடித்தது. “வேலை செய்யறது நானா, நீயா? நான் சொல்றத எட்த்துனு வா!”

என் நினைவறிந்து அப்பா அப்படிக் கத்தியதில்லை. கடையில் ஓடிக்கொண்டிருந்த திரைகள் அனைத்திலும் யாரோ ஒரு பெண் ஒரே நேரத்தில் வாயசைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவின் முகம் கறுத்தது. நான் அப்பாவின் சட்டையைப் பற்றியிருந்த கையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் முதல் பள்ளிவிட்டு வந்ததும் அப்பாவின் அருகில் அமர்வது என் கடமையாயிற்று. “கோடு நான் போட்டுக்கறேன் பாப்பா. நம்பர் மட்டும் நீ படி. உனக்கும் கணக்கு வரும்,” என்றார். அவர் தூரத்தில் அமரவில்லை. திரைக்கு ஒரு சாண் இடைவெளியில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தோல் துண்டு திரை முழுவதையும் நிறைக்கும்படி பெரிதாக்கி வரைந்தார்.

சித்தப்பா எச்சரித்தபடியே ஆயிற்று. சிவப்பில் வந்த எண்கள் கசிந்து தெரிந்தன. மூன்றும் எட்டும் உடன்பிறந்தவைபோல் இருந்தன. முதல் நாளே நான் ஓர் எண்ணைத் தவறாகப் படித்து, பிறகு நானே திருத்திச் சொன்னேன். அப்பா கத்தவில்லை. தணிந்த குரலில் சொன்னார்: “கீழ மடிச்சு ஒட்டறதுக்குத் தோலு வுடறோம் பாரு, அது கம்மியாப் போனா அடி வரைக்கும் எட்டாது. வெட்டின தோலு மொத்தமும் வேஸ்ட்டு. அப்பறம் அப்பாவ யாரும் கூப்ட மாட்டாங்க.”

அவர் கத்தியிருந்தால் எனக்கு அச்சம் குறைந்திருக்கும். பள்ளியில் கரும்பலகையில் எட்டைக் கண்டாலும் அது மூன்றாக மாறிவிடுமோ என்று உற்றுப்பார்க்கலானேன்.

வரைபடம் முடிந்து, சித்தப்பா அதைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவைத்தார். அடுத்த நாள் பிற்பகல் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். அப்பா ஒலிபெருக்கியை இயக்கி, கைபேசியை மேசைமேல் வைத்து, பேசாதே என்று எனக்குச் சைகை காட்டினார். மேலாளர் ஒவ்வொரு துண்டாகக் கேட்டார். நான் அப்பாவின் காதருகே மிக மெல்லச் சொல்ல, அவர் உரக்கச் சொன்னார். இதுவும் எனக்கான கணக்குப் பயிற்சியின் முறை என்றே கருதினேன்.

“குதிகால் பீசு மாஸ்டர். அதுல மடிப்புக்கு எவ்ளோ வுட்டுருக்கீங்க?”

அப்பாவின் விரல் என் தோளை அழுத்தியது. நான் பார்த்தேன். எண் இல்லை. அத்துண்டு திரையின் வலப்பக்க ஓரத்தில் இருந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தைத் தொலைக்காட்சி விழுங்கியிருந்தது. அப்பா காத்திருந்தார். அவர் விரல் மேலும் அழுந்தியது. பேசக் கூடாது, என்ன செய்வது? சுட்டியின் மேலிருந்த அவர் கைமேல் என் கையை வைத்து, படத்தை இடப்பக்கம் இழுத்தேன். அந்தக் கை நனைந்திருந்தது.

சிவப்பாய் ஓர் எண் உள்ளே வந்தது. முதலில் ஒன்று. அடுத்தது மூன்றா, எட்டா என்று விளங்கவில்லை.

“பதினெட்டு,” என்றேன், மெல்லச் சொல்ல மறந்து.

“பதினெட்டு சார்,” என்றார் அப்பா.

மறுமுனையில் சுட்டியைச் சொடுக்கும் ஓசை கேட்டது. பிறகு மேலாளர் கேட்டார்: “பக்கத்துல யாரு மாஸ்டர்?”

“பொண்ணு சார். வாய்ப்பாடு படிச்சினு இருக்குது.”

“ம்… நல்லாப் படிக்கச் சொல்லுங்க. நான் கட்டிங்குக்கு அனுப்பிடறேன்.”

அழைப்பு முடிந்ததும் அப்பா என்னைப் பாராட்டவில்லை. கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார். தேர்வில் தவறிவிட்டேன் என்று எண்ணி, திட்டு விழுமுன் தெருவுக்கு ஓடிவிட்டேன்.

வெட்டிய தோல் எதுவும் வீணாகவில்லை; கால் தேறியதும் அவர் தம் நாற்காலிக்கே திரும்பினார். சில ஆண்டுகள் கழித்து, வேலூர் மருத்துவமனையில் அம்மாவையும் உட்காரவைத்துக்கொண்டு கண் மருத்துவர் பேசினார். சர்க்கரை நோய் அப்பாவின் விழித்திரையை நெடுங்காலமாகவே சிதைத்துவந்ததாம். அவருக்கு அது தெரிந்தே இருந்ததாம். சின்னத் திரையில் அவரால் ஒரு கோட்டையும் பிரித்துக் காண இயலாது. அம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லை. சொன்னால் தொழிற்சாலைக்கும் எட்டிவிடும் என்று அஞ்சினாராம். நான் அவருக்கு அஞ்சிக்கொண்டிருந்த அந்நாள்களில், என் வாயிலிருந்து அடுத்து வரப்போகும் எண்ணுக்கு அவர் அஞ்சிக்கொண்டிருந்தார் என்பதைப் பத்து வயதில் நான் அறியவில்லை.

அறியாதவை இன்னும் உள்ளன. சாலைப் பள்ளம் அன்று அப்பாவின் கண்ணுக்குத் தெரிந்ததா என்பதை அவர் சொல்வதில்லை. மேலாளர் வேலையை விட்டு எந்த ஊருக்குப் போனார் என்று விசாரித்தும் அறிய இயலவில்லை. அன்று தொலைபேசியில் பேசியபோது அவர்முன்னும் அதே வரைபடம், தெளிந்த திரையில், திறந்திருந்திருக்க வேண்டும். அதில் இருந்தது பதினெட்டா பதின்மூன்றா, பதின்மூன்றாயின் அதை யார் திருத்தினார் என்பது எனக்குத் தெரியாது.