நாலு சேனலுக்கு ஒரே குழாய்

எங்க டிவி கம்பெனியில அவனுக்குப் பட்டப்பேரு கழுகு, கண்ணுக்கு எதுவும் தப்பாது. எனக்குத் தங்கச்சி புருஷன். வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான், என் புத்தியைச் சொல்லணும்.

அவன்கிட்ட விளையாட்டு சேனல், என்கிட்ட பாட்டு சேனல். இன்னும் ரெண்டு சேர்த்து நாலு ஹெச்.டி. சேனலும் சாட்டிலைட்டுக்கு ஒரே குழாய்லதான் போகணும். குழாய் பெருசாகாது, ஒருத்தருக்கு இடம் கூடினா இன்னொருத்தருக்குக் குறையும். அதனால படத்தை முழுசா அனுப்பாம, முந்தின காட்சியிலிருந்து மாறினதை மட்டும் சுருக்கி அனுப்பும் மெஷின். ஆள் உட்கார்ந்து பேசினா கொஞ்சம் இடம் போதும். பந்து பறந்தா, தண்ணி தெறிச்சா எவ்வளவு குடுத்தாலும் பத்தாது, படம் கட்டங்கட்டமா உடையும்.

அவன் படம் மட்டும் உடையவே உடையாது, படுபாவி. எங்கம்மாவே என் எதிர்ல, மாப்பிள்ளை சேனல்ல புல்லுகூட தனித்தனியா தெரியுதுன்னு சொல்லும்போது எனக்கு வயிறு எரியும்.

கண்ட்ரோல் ரூம் பொறுப்பாளர் ஓய்வு பெறப் போறார், அடுத்து எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்னு பேச்சு. நான் பதினெட்டு வருஷமா காத்திருந்த நாற்காலி. அவன் வந்தே ஆறு வருஷம்தான். அவன் சேனல்ல கால்பந்து இறுதிப் போட்டி நடந்த அன்னைக்கு என் சேனல்ல ஒருத்தர் ஆடாம அசையாம பேட்டி குடுத்துக்கிட்டிருந்தார். குழாய்ல என் சேனலுக்குக் கட்டாயம் வரவேண்டிய இடத்தோட அளவை யாருக்கும் சொல்லாம ரெண்டு மடங்கா ஏத்தினேன். அவர் மீசையை முடி முடியா எண்ணலாம். அங்க கோல் விழுந்த நேரத்துல பந்தையே காணோம், வெறும் பச்சைக் கட்டம். ஊரே திட்டித் தீர்த்துச்சு. அவன் ஒருதடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். மெமோ அவனுக்கு, நாற்காலி எனக்கு.

யார் எப்போ எந்த அளவை மாத்தினாங்கங்கற பதிவைப் பொறுப்பாளர் மட்டும்தான் திறக்க முடியும். பழையவர் திறந்ததே இல்லை. என் வரியை அழிக்கணும்னுதான் முதல் வெள்ளிக்கிழமையே திறந்தேன். பார்த்தா, வெள்ளிக்கு வெள்ளி அவன் பேரு. என் டான்ஸ் நிகழ்ச்சியில ஜிகினாத் தூள் பறக்கற அந்த ஒரு மணி நேரமும் அவன் சேனல் அளவை அவனே குறைச்சு வச்சிருக்கான். மூணு வருஷமா. எனக்குப் பாராட்டு கிடைச்சதே அந்த நிகழ்ச்சிக்குத்தான்.

அப்போ பார்த்து அவன் கதவுல தலையை நீட்டினான்.

"மச்சான், இன்னைக்கு டான்ஸ் இருக்கே, எவ்வளவு குறைக்கட்டும்?"

அவசரமா ஸ்கிரீனை மறைச்சேன். அதையும் பார்த்துட்டான்.

"நாற்காலிதான் வேணும்னா கேட்டிருக்கலாமே மச்சான். நானே ஒதுங்கியிருப்பேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். நல்லவனா இருக்கறதுலயும் அவன்தான் முந்தணுமா?