மத்தியானக் குரல்

உறவு வட்டாரத்தில் அவருக்குப் பெயர் பிளாட்பாரம். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி வழியாகப் பேசிப் பேசியே ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டில் அவர் 'எல்லாரும் சாப்பிட வாங்க' என்று கூப்பிட்டால் பாதிப் பேர் பெட்டியைத் தேடுகிறார்கள் என்று மச்சினன் கிண்டல் செய்வான். மனிதர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். அந்தக் குரலைத் தவிர அவரிடம் உரத்தது என்று எதுவும் கிடையாது.

மனைவி வசனக்காரி. வெளிநாட்டுத் தொடர்களில் வருபவர்களின் வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி நம் பேச்சில் வசனம் எழுதுவது அவள் வேலை. விரல் மூட்டுகள் மடங்க மறுத்த பிறகு எழுதுவதை விட்டு, சொல்ல ஆரம்பித்தாள். சொல்வதைக் கேட்டு எழுதுகிற மென்பொருள் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டாள். அப்போது கம்ப்யூட்டரும் புதிது, அவள் குரலும் கணீரென்று இருந்தது.

காலையில் டிவியில் தொடரை ஓடவிட்டு, உதடுகளையே பார்த்துக்கொண்டு மைக்கில் சொல்லிக்கொண்டே போவாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பமாட்டாள். திரும்பினால் உதடு தப்பிவிடும். அது என்ன எழுதியிருக்கிறது என்று மறுநாள் காலையில்தான் படிப்பாள்.

பிறகு அந்தக் குரலில் காற்று புகுந்தது. நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். போகப் போக இன்னும் மெலியும் என்பதைக் கணவரைத் தனியாக அழைத்துச் சொன்னார். வாக்கியத்தின் தலை கேட்கும், வால் கேட்காது. ஒருநாள் காலை திரையைப் பார்த்தால் பாதி வசனம் கந்தல். அவள் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, "இதுக்கே நான் பேசுறது கேக்கலைன்னா அப்புறம் எதுக்கு? நிறுத்திட வேண்டியதுதான்" என்றாள்.

வசனம் எழுதாத அவளை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "உன் குரலுக்கு என்ன? கம்ப்யூட்டருக்குத்தான் வயசாயிடுச்சு" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மத்தியான வேலை ஆரம்பமாயிற்று. சாப்பிட்டுவிட்டு அவள் கண்ணயர்ந்ததும் பூனை மாதிரி அந்த அறைக்குள் போவார். திரைச்சீலை வழியாக வருகிற வெளிச்சம் சுவரெல்லாம் மஞ்சளாகத் ததும்பும். அவள் காலையில் சொன்னது அப்படியே ஒலிப்பதிவாக இருக்கும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அவள் மூச்சுக்கு நடுவே மிதந்து வருகிற வார்த்தைகளைப் பிடிப்பார். பிடித்ததைத் தன் வாயால் மைக்கில் திருப்பிச் சொல்வார். மென்பொருளுக்கு அவர் குரல் என்றால் உயிர். ஒரு எழுத்து பிசகாது.

அந்த நேரம் அவருக்கே விழிப்பா உறக்கமா என்று தெரியாது. காதில் அவள், வாயில் அவர். வாழ்நாளில் அவர் யாரிடமும் சொல்லத் துணியாத காதல் மொழியெல்லாம் அந்த அறையில் அவர் குரலில் வெளியே வந்தது. 'நீ இல்லாத வீட்டில் விளக்கு எதற்கு' என்று ஒருநாள் சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பக்கத்து அறையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இப்படிச் சொகுசாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் திரையில் ஒரு கட்டம் முளைத்தது. 'புதிய பதிப்பு தயார். இப்போதா, பிறகா?' எதையாவது மாற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்து, தினமும் அவள் எழுவதற்கு முன்னால் 'பிறகு' என்பதை அழுத்திவிடுவார். ஒருநாள் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத்தான் மூக்கில் வியர்த்துவிடுமே.

"என்னங்க, புதுசு வந்திருக்காமே. போட்டுடலாமா?"

"பழைய கம்ப்யூட்டர், தாங்காது."

"தாங்குமான்னு தெரிஞ்சவங்களைக் கேப்போம்."

ரிப்பேர் பார்க்கிற பெண் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே திறந்து பார்த்து, ஒரு கைப்பிடி தூசியை ஊதித் தள்ளினாள்.

"மெமரி கொஞ்சம் கூட்டினா தாங்கும் சார். மெதுவாத்தான் நடக்கும், ஆனா நடக்கும். ஒண்ணு மட்டும், பழகின குரலை மறந்துடும். மேடம் புதுசா உக்காந்து படிச்சுக் காட்டணும். சரின்னு சொன்னீங்கன்னா மெமரியை வண்டியிலேருந்து எடுத்துட்டு வந்துடறேன்."

அவர் காதில் 'படிச்சுக் காட்டணும்' மட்டுமே விழுந்தது. அவள் படிப்பாள், அது புரியவில்லை என்று சொல்லும், அவள் நிறுத்திவிடுவாள். "ஓடுற வரைக்கும் ஓடட்டுமே, எதுக்கு வம்பு?" என்றார்.

"நீ போய் எடுத்துட்டு வாம்மா" என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கொலைகாரன் போன மாசம் என்ன சொன்னான், ஞாபகம் இருக்கா?"

"எந்தக் கொலைகாரன்?"

"'தயவுசெய்து கதவைத் திற, இல்லாவிட்டால் உன்னைக் கொன்றுவிடுவேன்.' கம்பெனியில விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். பிரமாதம்னு அப்படியே வச்சுட்டாங்க. நான் எழுதுற கொலைகாரன் தயவுசெய்துன்னு சொல்வானா?"

அவர் அசடு வழிந்தார். இத்தனை வருஷம் ஒலிபெருக்கியில் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாக நாக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கொலைகாரன் மட்டுமா? குடிகாரன், கொள்ளைக்காரன், அடம்பிடிக்கிற குழந்தை, எல்லாருமே மரியாதைக்காரர்கள் ஆகிவிட்டிருந்தார்கள்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"மத்தியானம் கதவுக்கு வெளியே நின்னு கேட்டிருக்கேன். காதல் வசனத்தை ரயில் மூணாவது பிளாட்பாரத்துக்கு வர்ற மாதிரி சொல்றீங்க. ஆனா நல்லா இருந்துது. தூக்கத்தை விட்டுட்டுக் கேப்பேன்."

"அப்புறம் எதுக்கு இதை மாத்தணும்?"

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "என் குரல் போய்க்கிட்டிருக்கு. டாக்டர் உங்களைத் தனியா கூப்பிட்டப்பவே புரிஞ்சுது. முழுசா போறதுக்குள்ள, மிச்சம் இருக்கிறதை வச்சு நானே பேசிடறேன். உங்க வாயால வந்தா அது உங்க வசனங்க, என்னோடது இல்ல."

"கேக்கலைன்னா நிறுத்திடுவேன்னு சொன்னியே."

"கோவத்துல சொன்னதையெல்லாம் செஞ்சிருந்தா நம்ம கல்யாணமே ஒரு வாரம் தாங்கியிருக்காது."

புதியது உள்ளே ஏறி முடிய நேரம் பிடித்தது. பிறகு படிப்பதற்கு ஒரு பத்தியைக் காட்டியது. ஏரியின் மேல் மேகம் நகர்வதைப் பற்றி ஏதோ. அவள் படித்தாள். காற்றும் சொல்லுமாக, மேகத்தைப் போலவே மெதுவாக நகர்ந்தது அவள் குரல். 'மீண்டும் சொல்லுங்கள்' என்றது திரை. மீண்டும் சொன்னாள். மறுபடியும் 'மீண்டும் சொல்லுங்கள்.' அவர் உதடு தன்னையறியாமல் அசைந்தது. அவள் முறைத்த முறைப்பில் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் அந்த ஏரிப் பத்தியைக் கடக்கிற வரைக்கும் அவருக்கு மூச்சே வரவில்லை.

கடந்துவிட்டாள். பிறகும் அது அவ்வப்போது எதையாவது கோட்டைவிட்டது. அவள் மறுநாள் காலையில் திட்டிக்கொண்டே திரும்பச் சொல்வாள், அது எழுதிக்கொள்ளும்.

ஒரு மத்தியானம் பழக்க தோஷத்தில் கால்கள் அவரை அந்த அறைக்குக் கொண்டுபோய்விட்டன. அதே மஞ்சள் வெளிச்சம். செய்ய ஒன்றுமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்குக்கூட அவருக்கு இவ்வளவு வெறுமையாக இருந்ததில்லை. குரலை மட்டுமாவது கேட்போம் என்று ஹெட்ஃபோனை மாட்டினார். யாரோ சண்டை போட்டார்கள், யாரோ அழுதார்கள், கதவு சாத்தப்பட்டது. காட்சி முடிந்தது. அதற்குப் பிறகு கொஞ்சநேரம் மூச்சு மட்டும் கேட்டது. அதன் பின்னால், அவள் குரல்.

திரையைப் பார்த்தார். ஒரு எழுத்து பிசகாமல் எழுதியிருந்தது:

'தயவுசெய்து இங்கே உட்கார்ந்திருக்க வேண்டாம். பக்கத்து அறைக்கு வாங்க. விளக்கு வசனத்தை என் காதுல சொல்லுங்க.'

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எழுந்தார். பக்கத்து அறைக் கதவு திறந்துதான் இருந்தது.