மூன்று பத்துக்குக் கொத்தும் பறவை

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பேய் இருட்டில்தான் வரும் என்று சொல்பவர்களைப் பார்த்தால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. எனக்கு வந்தது பட்டப்பகலில், அதுவும் போனில்.

காட்டுயிர் மீட்பு உதவி எண்ணில் நான் தன்னார்வலன். விலங்கு மருத்துவமனையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை, ஒரு போன், ஒரு நோட்டு. மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை என் நேரம். சம்பளம் இல்லை, புண்ணியம் உண்டு என்றார்கள். கிடைத்ததெல்லாம் தலைவலி. பல்லி வைத்த கண் வாங்காமல் பார்க்கிறதாம். புறா முறைக்கிறதாம். குளியலறையில் பாம்பு என்று அலறுவார்கள், படம் அனுப்பச் சொன்னால் தண்ணீர்க் குழாய் வரும். இவர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினால் உருப்பட்ட மாதிரிதான். படம் இல்லாமல் ஆளை அனுப்பக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அது எனக்கு வேதவாக்கு.

திங்கட்கிழமை, 3:14. ஒரு தையல்காரம்மா.

“எதிர் வீட்டுச் சன்னல்ல பறவை ஏதோ கொத்துதுங்க. மூணு பத்துக்கு ஆரம்பிச்சுது.”

“பறவையைப் பாத்தீங்களா?”

“இல்லைங்க. சத்தம் மட்டும்தான். அந்த வீடு சாத்தியே கிடக்கு.”

பார்க்கவே இல்லை, ஆனால் பறவையாம். கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சண்டை போடும் குருவி, வேறென்ன? இதுகூடப் புரியாதவர்களுக்குப் போன் ஒரு கேடு. கண்ணாடிமேல் செய்தித்தாள் ஒட்டச் சொன்னேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே கைநீட்டும் தூரம்தானாம். நோட்டில் ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

செவ்வாய், 3:12. அதே அம்மா.

“ஒட்டிட்டேன். நிக்கலை. நேத்து மேல கேட்டுச்சு, இன்னிக்குக் கீழ தரைகிட்ட கேக்குது. ரொம்ப நாளா நாத்தம் வேற.”

“எச்சம் நாறத்தான் செய்யும்.”

“உள்ளேருந்து தட்டுற மாதிரி இருக்குங்க.”

“அப்போ அதுவே கதவைத் திறந்துட்டு வரும். வைங்க.”

என் கிண்டலை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன். அந்த அம்மா கூப்பிடவில்லை. சொன்ன யோசனை பலித்ததா என்று நாங்களே திருப்பிக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அதுவும் ஒரு விதி. கூப்பிட்டேன். மணி 3:10.

எடுத்தார்கள். பேச்சில்லை.

டொக்... டொக்... டொக்...

“அம்மா, போனைச் சன்னல்ல வைக்காதீங்க. கேட்டுடுச்சு.”

நின்றது.

நான் வாயை மூடினேன். மறுபடி ஆரம்பித்தது. பேசினால் நின்றது. நான் சொல்வதைக் கேட்கிற மாதிரி.

“யாரு?”

டொக்டொக்டொக்டொக்...

வைத்துவிட்டேன்.

சத்தம் நிற்கவில்லை.

என் மேசைக்குக் கீழே... தரையோரம்...

டொக்.

வெளியே ஓடினேன். வாசலில் நின்ற எங்கள் பாம்பு பிடிக்கிறவரிடம் விலாசத்தைச் சொல்லி அனுப்பினேன். படம் கேட்கவில்லை.

4:25க்கு அவர் கூப்பிட்டார். குரல் சரியில்லை.

“கதவை உடைச்சோம். சன்னலுக்குக் கீழ அந்த வீட்டுக்காரர். தனி ஆளு. பக்கவாதமா இருக்கும், பேச்சும் போயிருக்கும்னு டாக்டர் சொல்றார்.”

“உயிரு?”

“செத்து மூணு வாரம் ஆச்சு.”

தையல்காரம்மாவின் போன் காலையிலிருந்து அணைந்து கிடந்ததாம். தன்னை யாரும் கூப்பிடவே இல்லை என்கிறார் அந்த அம்மா.

இதோடு முடிந்திருந்தால் நான் இன்று தூங்குவேன்.

இறந்தவரின் கையில் ஒரு போன் இருந்தது. போலீஸ்காரர்கள் சார்ஜ் போட்டுப் பார்த்தார்கள். அடிபட்ட கிளி ஒன்றுக்காக அவர் ஒருநாள் எங்களிடம் பேசியிருக்கிறார். மறுநாள் விழுந்திருக்கிறார். கடைசியாகப் பேசிய எண்ணையே திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறார். இரண்டு நாளில் முப்பத்தொரு தடவை. முதல் தடவை மட்டும்தான் எடுத்திருக்கிறோம். பிறகு யாருமே எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்று நோட்டைப் புரட்டினேன். அந்தத் தேதி. மதியம் 3:10. என் கையெழுத்து.

‘பேசமாட்டேன் என்கிறான். தட்டிக்கொண்டே இருக்கிறான். வெட்டிப் பயல். இந்த எண் மறுபடி வந்தால் யாரும் எடுக்க வேண்டாம்.’