பல்லக்காவின் முப்பத்தெட்டு கிலோ

பல்லக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கீழ்த்தாடை ஒரு நூல் முன்னால் வந்து மேல்வரிசையைக் கவ்விக்கொண்டு நிற்கும். இருபத்தேழு வருடம் பல்செட் கட்ட ஊராருடைய கடியை அளந்தவளுக்குத் தன் கடி மாறுவது தெரியாமலா இருக்கும்? வீட்டை விற்க முன்பணம் வாங்கிய நாளிலிருந்து, அதாவது நூற்றுப் பதினெட்டு நாளாக, அது அப்படியேதான் நின்றது.

பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில், மருந்து அலமாரிக்கும் கழிப்பறைக்கும் நடுவே எட்டடிக்கு ஆறடி அறை ஒன்று உண்டு. அதுதான் அவள் வேலை பார்த்த இடம். முன்பக்கத்திலிருந்து வாயின் அச்சு வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் பதித்து, வேகவைத்து, ராவி, மெருகேற்றி முழு செட்டாக அனுப்புவாள். கண்ணாடியில் சிரித்துப் பார்த்தவர்கள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த அச்சைக் கலக்குவாள். நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு செட் கட்டியிருக்கிறாள். போட்டுக்கொண்டவர்களில் பதினேழு பேரைத்தான் நேரில் பார்த்திருக்கிறாள். அதிலும் ஒன்பது பேர் கழிப்பறைக்கு வழி தவறி வந்தவர்கள்.

அவள் கணவர் கல்குவாரி எடைமேடையில் முப்பத்துநான்கு வருடம் இருந்தார். லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. வீட்டிலும் அதுவே நிலைத்தது. அரிசிப் பையை அவர் கையில் தூக்கினாலே போதும், கடைக்காரர் நெளிய ஆரம்பித்துவிடுவார். ஓய்வுபெற்றபோது, எடைமேடையைச் சரிபார்க்கும் இருபது கிலோ இரும்புக்கல் இரண்டைக் கம்பெனியிலிருந்து நினைவுக்காகக் கேட்டு வாங்கிவந்தார். பிறகு முப்பதடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். வீட்டை விற்றுவிட்டு இனி அதிலேயே குடியிருப்பது என்று முடிவு செய்தார். அவளிடம் சொன்னது முன்பணம் கைக்கு வந்த பிறகுதான்.

அன்றைக்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"என் பெட்டி ஏறினா நான் ஏறுவேன். பெட்டி ஏறலேன்னா தம்பி வீட்ல இருந்துக்கறேன். நீங்க மட்டும் மிதந்துக்கோங்க."

பெட்டியில் ராவும் மோட்டார், மெழுகுக் கத்திகள், பிளாஸ்டர், நிறவாரியாக அடுக்கிய பல் அட்டைகள் இருந்தன. படகு ஒதுங்கும் ஒவ்வொரு துறையிலும் செட் உடைந்தவர்களும் ஈறு புண்ணானவர்களும் இருக்கத்தானே செய்வார்கள்? அவர்களை எதிரில் உட்காரவைத்து, தன் கையாலேயே வாயில் மாட்டி, கடிக்கச் சொல்லிப் பார்க்கலாம். பின்னறை இல்லாத வேலை. படகு என்ற பேச்சிலேயே அவளுக்குப் பிடித்திருந்தது அது ஒன்றுதான். தராசு "சரி சரி" என்றார். அவர் வாயிலிருந்து அளக்காமல் வந்த வார்த்தை.

குடிபோகும் நாளன்று காலை ஒன்பதே காலுக்கு அவள் தம்பி தன் சரக்கு வேனில் சாமான்களை ஏற்றிவந்து படகுத்துறையில் நிறுத்தினான். தராசு இரவல் வாங்கிய மேடைத் தராசு ஒன்றைப் படகின் பக்கத்தில் போட்டு, கையில் நோட்டோடு நின்றார். தண்ணீர், டீசல், உணவு போகப் படகு தாங்குவது முந்நூறு கிலோ, ஆட்களையும் சேர்த்து. அதற்கு மேல் ஏறினால் பக்கவாட்டில் சிவப்பாக வரைந்த நீர்க்கோடு முங்கிவிடும் என்று படகு மேஸ்திரி சொல்லியிருந்தார். ஆளுக்கு நூற்றைம்பது என்று தராசு பிரித்திருந்தார்.

ஒவ்வொன்றாக ஏறியது. பெட்டியின் முறை வந்ததும் அவர் முள்ளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பெட்டியைக் காலால் கரைப்பக்கம் தள்ளினார்.

"முப்பத்தெட்டு. உன் பங்குல மிச்சம் இருபத்தொன்பதுதாம்மா. ஒன்பது கிலோ கூடுது."

"எப்படிக் கூடும்? என் துணி பதினாலு. வேற என்ன என்னுது?"

"சமையல் சாமான் நாப்பத்துநாலு."

"அது என்னுதா? நீங்க காத்தையா குடிக்கிறீங்க?"

"யாராவது ஒருத்தர் பேர்ல எழுதணுமில்ல."

"சரி, எழுதித் தொலைங்க. பதினாலும் நாப்பத்துநாலும் அம்பத்தெட்டு. மீதி எங்க போச்சு?"

தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பி எட்டி நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

"அக்கா, உன்னையும் சாமான்ல சேர்த்திருக்காரு. 'மனைவி, அறுபத்துமூணு'ன்னு. துணி மூட்டைக்கும் குக்கருக்கும் நடுவுல."

அவள் நோட்டைப் பிடுங்கினாள். நேர்க்கோடு போட்ட, மை சிந்தாத பக்கம். எதிர்ப்பக்கத்தில் அவருடைய பங்கு: துணி பன்னிரண்டு, ஸ்பேனர் முதலிய கருவிகள் ஐம்பத்தெட்டு, கடல் வரைபடங்களும் புத்தகங்களும் முப்பத்துமூன்று, இரும்புக்கல் இரண்டு நாற்பது. ஆக நூற்று நாற்பத்துமூன்று.

"உங்களைக் காணோமே. உங்க எடை எங்க?"

"என்னை எழுத வேண்டியதில்லை."

"ஏன், நீங்க என்ன பஞ்சா?"

"காலி வண்டியை எடை போடறப்ப டிரைவர் சீட்டுலயே உட்கார்ந்திருப்பான். லோடு ஏத்தி வர்றப்பவும் உட்கார்ந்திருப்பான். அதனால அவன் எடை வண்டியோட போயிடும், லோடுல வராது. முப்பத்துநாலு வருஷம் பார்த்த கணக்கு இது. படகுக்கு நான்தானே டிரைவர்?"

"மாமா சொல்றது சரிதாங்கா," என்றான் தம்பி. "என் எடையை ஒருநாளும் லோடுல சேர்த்ததில்லை."

"நீ வாயை மூடு. லோடு இப்பப் பேசிக்கிட்டிருக்கு."

அவள் கடி இன்னொரு நூல் முன்னால் வந்தது. இந்த மனிதனோடு முப்பத்தொரு வருடம். முன்பக்கம் சிரித்த வாய்களுக்கெல்லாம் பின்பக்கம் அவள். இப்போது போகிற இடத்துக்கும் மூட்டை. குக்கருக்குப் பக்கத்தில் எழுதியதற்காகக்கூட இல்லை, எழுதும்போது அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லையே என்றுதான் அவளுக்கு எரிந்தது. எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

பெட்டியைத் தூக்கி வேனில் வைக்கத் திரும்பியவள் நின்றாள். அவர் கணக்கில் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. பல்செட்டை வாயில் மாட்டும் முன்பே எந்த இடம் குத்தும் என்று தெரிவதுபோல.

"படகைக் காலியா எடை பார்த்த நாள் எதுங்க?"

"தண்ணியில இறக்கின நாள். காலியா மிதந்த மட்டத்துலேர்ந்து முந்நூறு கிலோவுக்குக் கணக்குப் போட்டு நீர்க்கோடு குறிச்ச நாள்."

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"கரையில. பென்சிலால குறிச்சுக்கிட்டு..." தராசு நிறுத்திவிட்டார்.

"படகுக்குள்ள யார் இருந்தா? எங்கயாவது கசியுதான்னு தரைப்பலகையைத் தூக்கிட்டு, டார்ச்சும் கையுமா உட்கார்ந்திருந்தது யாரு? எழுதியிருப்பீங்களே. திருப்புங்க. எழுதாம இருக்கவே மாட்டீங்க."

அவர் மெல்லப் பக்கம் திருப்பினார். இருந்தது. நீர்க்கோடு குறித்தல், காலை பத்து ஐந்து முதல் பதினொன்று பதினைந்து வரை. படகினுள் ஆள்: ஒருவர் (மனைவி, கசிவு பார்க்க).

தம்பி வாய்விட்டே சிரித்துவிட்டான். "மாமா! டிரைவர் அக்காதான். நீங்கதான் லோடு!"

"ஏறுங்க," என்றாள் அவள், மேடைத் தராசைக் காட்டி.

"எதுக்கும்மா இதெல்லாம்..."

"ஏறுங்கன்னேன்."

துறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த காவலாளி கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தராசு செருப்பைக் கழற்றினார், பையிலிருந்த சாவியைத் தம்பியிடம் கொடுத்தார், ஏறி நின்றார். எண்பத்தொன்று. முள் காட்டியதை மாற்றிச் சொல்ல அவரால் முடியாது. தன் கையாலேயே தன் பக்கத்தில் எழுதிக் கூட்டினார்: இருநூற்று இருபத்துநான்கு. அவள் பக்கத்தில் அறுபத்துமூன்றை அடித்தார். பெட்டியைச் சேர்த்தும் தொண்ணூற்றாறுதான் வந்தது.

"உங்களுக்கு எழுபத்துநாலு கூடுது," என்றாள். "எனக்கு அம்பத்துநாலு மிச்சம்."

அவர் பேனாவை எடுத்து, 'மனைவியின் பங்கிலிருந்து இரவல், 54' என்று எழுதத் தொடங்கினார்.

"எழுதாதீங்க. மூடுங்க அதை. வாயைத் திறந்து கேளுங்க. வீட்டை வித்தப்ப கேட்கலை, படகு வாங்கினப்ப கேட்கலை, என்னைக் குக்கர் பக்கத்துல வைக்கறப்ப கேட்கலை. இதையாவது கேளுங்க. இல்லேன்னா உங்க ஸ்பேனரும் புத்தகமும் வேன்ல திரும்பிப் போகும். எனக்கு ஒண்ணும் இல்லை."

நோட்டு மூடியது. தம்பி திடீரென்று வேன் டயரைப் பரிசோதிக்கப் போனான்.

"கொஞ்சம்... உன் இடத்தைக் கொடுப்பியா?" என்றார் தராசு.

"காதுல விழலை."

"உன் இடத்துல அம்பத்துநாலு கிலோ கொடும்மா. தப்பு என்னுதுதான்."

அவள் பெட்டியை ஒரு பக்கம் தானும் மறுபக்கம் தம்பியுமாகத் தூக்கிப் படகில் ஏற்றினாள். வரைபட மேசை என்று அவர் ஆசையாகச் செய்துவைத்திருந்த பலகையில் அதை வைத்து, கயிறு போட்டு இறுக்கினாள். ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடம் அதுதான். வாய் பார்க்க வெளிச்சம் வேண்டும். உங்கள் வரைபடத்தை மடியில் விரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக்கூட இல்லை.

பிறகு தலையை வெளியே நீட்டினாள். "எடுத்துக்கோங்க. அம்பத்துநாலு. ஒரு கிலோ கூடினாலும் நான் இறங்கிடுவேன். அப்புறம் உங்க நீர்க்கோடும் தப்பாயிடும், பார்த்துக்கோங்க."

எழுபத்துநாலில் மீதி இருபது. இரும்புக்கல்லில் ஒன்று இறங்கியாக வேண்டும். எதை விடுவது என்று தராசு பதினோரு நிமிடம் யோசித்தார். இரண்டும் ஒரே எடை. கடைசியில் இடக்கையில் இருந்ததைக் காவலாளியிடம் கொடுத்தார். துறை அலுவலகத்தின் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் காவலாளி அதைக் கதவடியில் வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு நாற்பதுக்குத் தராசு படகில் கால் வைத்தார். நீர்க்கோடு தண்ணீருக்கு மேல் ஒரு விரல் தெரிந்தது. வழக்கமாக இப்படிப்பட்டதை அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார். அன்று கூப்பிடவில்லை. உள்ளே அவள் ராவும் மோட்டாரை ஓட்டிப்பார்க்கும் சத்தம் கேட்டது. மறுநாள் காலை பத்து மணிக்குக் காவலாளியை அவருடைய மேல் பல்செட்டோடு வரும்படி அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அது அவருக்கு ஏழு வருடமாகக் குத்துகிறதாம்.