ஐந்து பேருக்கு ஓர் அடுப்பு

என் கணவர் வீட்டில் முப்பது பேர். கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த கூட்டுக் குடும்பம். மாமனார், மாமியார், அண்ணன் தம்பிகள், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், வந்தால் மாதக் கணக்கில் தங்கிவிடுகிற உறவுக்காரர்கள். நான் மூன்றாவது மருமகள். கல்யாணமான மறு வாரமே சமையலறைக்குள் போனவள், பத்து வருஷத்துக்கு மேல் அந்த அடுப்பை விட்டு நகரவில்லை. ஆனால் இன்றைக்கு என்ன குழம்பு என்று ஒரு நாள்கூட நான் முடிவு செய்ததில்லை. மாமியார் சொல்வார், மூத்த ஓரகத்தி பருப்பை அளந்து கொடுப்பார், நான் வேக வைப்பேன்.

யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், என் மூத்த மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு கிண்ணம் கஞ்சி வைக்க மூன்று பேரிடம் கேட்டுவிட்டு வரவேண்டியிருந்தது. நான் கேட்டு முடிப்பதற்குள் அவள் தூங்கிப் போனாள்.

என் கணவருக்கும் கடையில் அதே நிலைமைதான். அண்ணன்மார் சொல்வதை எழுதுவார், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவார். சாயங்காலம் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் அவர் முகம் வேறு மாதிரி இருக்கும்.

ஒரு நாள் துணி உலர்த்தும் மாடியில் அவரிடம் கேட்டேன். "நாமளும் நம்ம மூணு பிள்ளைங்களுமா அஞ்சு பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டா எப்படி இருக்கும்?"

அவர் சிரித்தார். மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் அந்த வருஷம் அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் ஒருவர் மலாயாவிலிருந்து விடுமுறையில் வந்தார். மலாக்காவில், சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கு வாத்தியார் தேடுகிறார்கள், குடியிருக்கச் சின்னதாக ஒரு வீடும் தருவார்கள் என்று சொன்னார். அன்று கடையிலிருந்து வந்தவர் நேராக என்னிடம் வந்து, "நீ கேட்ட மாதிரி ஒரு எடம் இருக்கு. கடல் தாண்டணும், வரியா?" என்றார்.

வருகிறேன் என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்பதுகூட ஞாபகமில்லை.

வீட்டில் பெரிய புயல் அடித்தது. மூத்த மைத்துனர் கூடவே கூடாது என்றார். மாமியார் இரண்டு நாள் அழுதார். புறப்படுகிற அன்று அவரே ஒரு பெரிய வெண்கலப் பானையைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்து, அங்கே போய்ப் பாத்திரத்துக்குத் தடுமாறாதே என்றார். அந்தப் பானையை நாகப்பட்டினம் வரை நான் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

கப்பலில் மேல்தளத்தில்தான் இடம். பாயை விரித்து, மூட்டைகளைச் சுற்றி அடுக்கிக்கொண்டோம். முதல் நாள் எல்லோரும் வாந்தி. இரண்டாம் நாள் தெளிந்ததும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவள், ஓடிப்போய் அவரிடம், "அப்பா, அம்மா சும்மா உட்கார்ந்திருக்கா" என்று சொன்னாள். ஏதோ அதிசயத்தைச் சொல்கிற குரல். அவர் எழுந்து வந்து பார்த்தார். நான் நிஜமாகவே சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

பினாங்கில் இறக்கி, அம்மை கிம்மை இருக்கிறதா என்று பார்க்க ஒரு தீவில் சில நாள் வைத்திருந்தார்கள். பிறகு ரயில். தம்பின் ஸ்டேஷனில் இறங்கியபோது தோட்டத்து லாரி காத்திருந்தது. என் மகன் டிரைவர் பக்கத்தில் உட்காரவேண்டும் என்று அடம் பிடித்து உட்கார்ந்தும் விட்டான். சின்னவளை நான் மடியில் வைத்திருந்தேன். பாதையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் கோடு போட்ட மாதிரி நின்றன. லாரி ஓட ஓட வரிசைகள் திறந்து மூடுவதைப் பார்த்து அவள் கை தட்டிக்கொண்டே வந்தாள்.

வீடு என்று சொன்னது ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். பலகைச் சுவர், ஓலைக் கூரை. பக்கத்திலேயே பள்ளிக்கூடம், அதுவும் பலகைக் கொட்டகைதான். நான் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் சமையல்கட்டுக்குள் போய் நின்றேன். மண் அடுப்பு, ஒரு பலகைத் தட்டு, பின்பக்கம் ஒரு கதவு. கதவைத் திறந்தால் மரவள்ளிச் செடிகளும் அதற்கப்பால் காடும். என்ன சமைக்கலாம் என்று கேட்க யாருமில்லை. திரும்பிப் பிள்ளைகளைக் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்கிறேன் என்றேன்.

அப்போது பின்வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நீள வரிசை வீடுகளை லயம் என்பார்கள், அங்கிருந்து வந்திருந்தாள். தலையில் ஒரு கட்டு விறகு, கையில் முருங்கைக் கீரை. வாத்தியாரம்மா வந்திருப்பதாகச் சொன்னார்கள், புது வீட்டில் விறகு இருக்காது என்று கொண்டுவந்தேன் என்றாள். அக்கா என்று கூப்பிட்டேன். அவள் கொஞ்சம் திகைத்துவிட்டு விறகை இறக்கினாள்.

மறுநாள் காலை உலை வைத்தேன். சந்தோஷத்தில் கை பாட்டுக்கு அரிசியை அள்ளிப் போட்டது, பருப்பை அள்ளிப் போட்டது. சோறு வெந்து பானை விளிம்புக்கு வந்தபோதுதான் பார்த்தேன். கை கும்பகோணத்திலேயே இருந்திருக்கிறது. ஐந்து பேருக்கு வைக்கவேண்டிய அடுப்பில் ஊருக்கே வடித்து வைத்திருந்தேன். முதலில் அழுகை வந்தது. என் மகன் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, யாரெல்லாம் வரப்போறாங்க என்று கேட்டான். அதில் எனக்குச் சிரிப்பு வந்து, பிள்ளைகளும் சிரித்து, சத்தம் கேட்டு அவர் பள்ளியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

பள்ளியில் அன்று நாலைந்து பிள்ளைகள்தான். மற்றவர்கள் லயத்தில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு வர மத்தியானம் தாண்டிவிடும். அதுவரை பிள்ளைகளுக்குக் காலையில் குடித்த கஞ்சித் தண்ணிதான். நான் மூத்தவளை அனுப்பி எல்லாரையும் கூட்டிவரச் சொன்னேன். இடுப்பில் குழந்தையோடு வந்தார்கள். கொட்டகையில் வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறினேன். என் பிள்ளைகளும் அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அவர் கரும்பலகையில் 'அ' எழுதினார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

அன்று சாயங்காலம் விறகு கொண்டுவந்த அக்கா வந்து ஒரு பிடி அரிசியை என் முறத்தில் போட்டாள். "நாளைக்கும் எம்புள்ள வரட்டுமா?" என்று கேட்டாள். மறுநாள் இன்னும் சிலர் ஒரு பிடி அரிசியோ ஒரு துண்டு பூசணியோ கொண்டுவந்தார்கள். அப்படியே அது வழக்கமாகிவிட்டது. கொட்டகை நிறைந்தது. கும்பகோணத்தில் சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் பார்த்த அந்த முகத்தோடு அவர் நாள் முழுக்க நடமாடினார்.

பெரிய கிராணிக்கு, அதாவது தோட்ட ஆபீசின் தலைமை எழுத்தருக்கு, இது பிடிக்கவில்லை. என் கணவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, வாத்தியார் வீட்டுப் பெண் லயத்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவதும், சொந்தப் பிள்ளைகளை அவர்களோடு உட்காரவைப்பதும் மரியாதையைக் கெடுக்கும், உடனே நிறுத்துங்கள் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். வேலை போனால் திரும்ப அந்த முப்பது பேர் வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

"நீ என்ன சொல்றே?" என்று கேட்டார்.

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் யாருக்குச் சோறு போடணும்னு நானே முடிவு பண்ணிருக்கேன்" என்றேன். "அதை விடச் சொல்லாதீங்க."

அவர் எழுந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனார். மறுநாள் காலை அரிசி கொண்டுவந்தவர்களிடம் நான் வழக்கம்போல வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், நாங்கள் எதிர்பாராத ஆள் வந்தார். பெரிய கிராணியின் மனைவி. நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஒரு கையில் ஆறு வயது மகனையும் மறு கையில் மூடிபோட்ட சட்டியையும் பிடித்தபடி கொட்டகை வாசலில் நின்றார். சட்டியில் புளிக்குழம்பு. அன்று பால்வெட்டு சீக்கிரம் முடிந்ததால் அக்காவும் அங்கே இருந்தாள்.

"எனக்கும் பெரிய குடும்பந்தான்" என்றார் அந்த அம்மா. "இங்க வந்ததிலேருந்து தனியாத்தான் சாப்பிடறேன். உங்க வீட்டுச் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது. எனக்கும் எடம் இருக்குமா?"

அக்காதான் முதலில் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்கலா" என்றாள், இந்த ஊர்ப் பேச்சில் ஒரு 'லா' சேர்த்து. அந்த அம்மா புடவையைச் சுருட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது சைக்கிள் மணி கேட்டது. பெரிய கிராணி வாசலில் காலை ஊன்றி நின்று உள்ளே பார்த்தார். அவர் மகன் வாயெல்லாம் சோறாக, இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் நின்றவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

சில வருஷம் இப்படியே ஓடியது. பிள்ளைகள் காலில் செருப்பில்லாமல் திரிந்தார்கள். கம்பம் என்று சொல்லும் பக்கத்து மலாய்க் கிராமத்துப் பிள்ளைகளிடம் மலாய் கற்றுக்கொண்டு, நான் புரியாமல் விழிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். சின்னவளுக்கு டுரியான் பழ வாசனை தொலைவிலேயே தெரிந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது. சம்பளத்தைக் குறைத்தார்கள். லயத்திலிருந்து பல குடும்பங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு வாரமும் கொட்டகையில் சில பிள்ளைகள் குறைந்தார்கள். பெயர் கூப்பிடும்போது அவர் நடுநடுவே நின்றுவிடுவார். எங்களுக்கும் போக விருப்பமிருந்தால் டிக்கெட் தருவதாகச் சொன்னார்கள். மூத்த மைத்துனர், கடையில் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

போகலாமா என்று அவர் கேட்டபோது நான் பிள்ளைகளைப் பார்த்தேன். மூத்தவள் பெரியவளாகியிருந்தாள், பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அவளே எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். அவள் எனக்கு முன்னால், "நாளைக்கு 'க' வரிசை ஆரம்பிக்கிறதாச் சொல்லிட்டேனே" என்றாள். அவர் அவளைப் பார்த்து, சரி என்றார். அவ்வளவுதான் எங்கள் யோசனை.

அக்காவும் போகவில்லை. ஓடைக்கு அப்பால் சும்மா கிடந்த நிலத்தில் பயிர் வைத்துக்கொள்ளத் தோட்டத்தில் அனுமதித்திருந்தார்கள். மறுநாள் காலை அவள் ஒரு கட்டு மரவள்ளிக் குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்வாசலுக்கு வந்தாள்.

"தங்கச்சி, மண்வெட்டி எடுத்துக்க" என்றாள்.

வாத்தியாரம்மா என்ற பேச்சு எந்த நாளில் போயிற்று என்று எனக்குத் தெரியாது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். மழை பெய்து மண் பதமாக இருந்தது. பின்னாலேயே பெரிய கிராணி வீட்டம்மா ஒரு கூடை பயற்று விதையோடு, தனக்கும் ஒரு பாத்தி வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். மத்தியானத்துக்குள் பாதி நிலத்தில் நட்டு முடித்துவிட்டோம்.