நாற்பத்தாறாம் இலக்கக் கூடை

மாகாண நிர்வாகம் என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் கோப்புத் தூக்கியவன் நான். எந்தத் திட்டம் எந்த அலுமாரிக்குள் செத்துக் கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். அந்த எண்ணத்தை மாற்றியவள் வெள்ளவத்தைச் சந்தைக்கு வெளியே தக்காளி விற்கும் செலீன். நேரில் நன்றி சொன்னால் சிரிப்பாள் என்பதால் எழுதுகிறேன்.

செலீன் கொட்டாஞ்சேனைக்காரி. கணவன் ஒஸ்வால்ட் துறைமுகத்தில் வேலை செய்தவன், நாற்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போய்விட்டான். அதன் பிறகு அவள் மண்டபங்களில் தேநீர் ஊற்றும் வேலைக்குப் போனாள். ஏழு வருடங்களுக்கு முன் பம்பலப்பிட்டி மண்டபம் ஒன்றில், மாகாண விவசாயத் திணைக்களம் வடக்கு விவசாயிகளைக் கூட்டிவந்து ஒரு விற்பனைக் கண்காட்சி வைத்தது. வந்தவர்கள் தோட்டத்தில் சூரர்கள்தான், ஆனால் கூவி விற்கக் கூச்சப்பட்டார்கள். பின்னேரம் நாலு மணிக்கும் அரைவாசித் தக்காளி அப்படியே கிடந்தது. செலீன் கேத்தலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள். தமிழில் கொஞ்சம், சிங்களத்தில் கொஞ்சம், ஆங்கிலத்தில் கொஞ்சம் என்று கூவி, முக்கால் மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் விற்று முடித்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் உஷாந்தி, திணைக்களத்தின் விவசாயப் போதனாசிரியர். அன்றே செலீனின் தொலைபேசி எண்ணை எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம், யேசுரட்ணம் என்பவர் தலைவராக இருக்கும் ஒரு விவசாயிகள் சங்கம், முன்பின் தெரியாத இந்தப் பெண்ணை நம்பி நேரடியாகத் தக்காளி அனுப்பியது. இடையில் தரகர் இல்லை. செலீன் தேநீர் வேலையை விட்டுச் சந்தை வாசலில் கடை விரித்தாள்.

ஆனால் தக்காளி சாக்கில் வந்தது. இருநூற்றைம்பது மைல் குலுங்கி வந்து இறங்கும்போது, பத்துச் சாக்கில் மூன்று குழம்பாகியிருக்கும். நட்டம் முழுக்கத் தோட்டக்காரன் தலையில். உஷாந்தி திணைக்களத்தோடு மல்லுக்கட்டி, சங்கத்துக்கு முந்நூறு நீலப் பிளாஸ்ரிக் கூடைகள் வாங்கிக் கொடுத்தார். ஸ்கூட்டியில் தோட்டம் தோட்டமாகப் போய், எந்த நிறத்தில் பறிப்பது, எவ்வளவுக்கு நிரப்புவது என்று காட்டிக் கொடுத்தார். ஒரு வருடத்தில் யேசுரட்ணம் தகரக் கூரையைக் கழற்றிவிட்டு ஓடு போட்டார். இதையெல்லாம் செலீன் தக்காளி நிறுக்கும்போது எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"ஐயா, சும்மா கவர்மெண்டைத் திட்டாதீங்க. இந்தக் கூடை வந்த பிறகுதான் தக்காளி தக்காளியா வருது."

"கூடை குடுக்கிறது பெரிய கெட்டித்தனமோ?"

"சாக்குல வந்தப்ப நீங்க வாங்கினீங்களா? மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனீங்க."

அது உண்மைதான். இன்னும் ஒரு கிலோ நிறுக்கச் சொன்னேன்.

செலீனின் குறை இளகிய மனம். "அக்கா, கூடையோட தாங்கோ, நாளைக்குக் கொண்டுவாறன்" என்று யார் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். எங்கள் மாடிவீடுகளில் ஒரு நல்ல கூடை உள்ளே போனால் வெளியே வராது. நாளை நாளையாகி வருடங்கள் ஓடிவிட்டன.

போன பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை செலீனுக்கு உஷாந்தியின் அழைப்பு வந்தது.

"அக்கா, வெள்ளிக்கிழமை மாகாணத்தில இருந்து பாக்க வருகினம். முந்நூறு கூடையும் நிண்டால்தான் அடுத்த திட்டம் கிடைக்கும். பொதி செய்யிற கொட்டிலும் குளிர் அறையும். இல்லாட்டி அது வேற ஊருக்குப் போயிடும். உங்கட பக்கம் இருந்து அறுபத்துநாலு திரும்பி வரேல்லை."

லொறி புதன் பின்னேரம் திரும்பிப் போகும். செலீன் முதலில் வந்து நின்றது என் வீட்டு வாசலில்.

"ஐயா, சப்பாத்தை எடுங்க."

எனக்கு வியர்த்துவிட்டது. வாசலில் இருந்த நீலக் கூடையில் திணைக்களத்தின் பெயரும் இலக்கமும் வெள்ளை மையில் பளிச்சென்று தெரிந்தன. அதற்குள் நான்கு வருடமாக என் செருப்பும் சப்பாத்தும். பொதுச் சொத்தை வீணாக்குகிறார்கள் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான்! உள்ளே இருந்து என் மனைவி சுபோதினி குரல் கொடுத்தாள்.

"கந்தோர்ப் புத்தி எங்க போச்சு இப்ப?"

வெட்கத்துக்குப் பரிகாரமாக நானும் கிளம்பினேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். "நீலக் கூடை வைத்திருப்போர் தயவுசெய்து செலீனிடம் ஒப்படைக்கவும்" என்று எழுதி, பதினெட்டு மாடிக்கட்டடங்களின் லிப்ற்றுக்குள் ஒட்டினேன். பிறகு இருவருமாகப் படியேறினோம். ஒரு வீட்டில் கூடைக்குள் கறிவேப்பிலை வளர்ந்திருந்தது. ஒரு சட்டத்தரணி வழக்குக் கோப்புகளை அடுக்கியிருந்தார். ஒரு கூடையில் பூனை நாலு குட்டி போட்டிருந்தது, அவற்றுக்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்தபிறகுதான் எடுக்க முடிந்தது. சைக்கிள் திருத்தும் கடையில் செலீன் சிங்களத்துக்கு மாறினாள். "அய்யே, அர கூடே அபே!" அது எங்களுடையது என்றதும், அந்த மனிதர் தன் நட்டுத் திருகும் சாவிகளைக் கொட்டிவிட்டு, கூடையைத் துடைத்தே கொடுத்தார். விஷயம் தெரிந்தபின் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இந்த ஊரை நான் அன்று நிறைய நேசித்தேன்.

செவ்வாய் மாலை செலீன் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அல்லவா? புதன் பின்னேரம் லொறி வந்து நின்றபோது அறுபத்துமூன்று சேர்ந்திருந்தது. உஷாந்தி அனுப்பிய பட்டியலோடு இலக்கம் பார்த்துக் குறித்தேன். நாற்பத்தாறு மட்டும் இல்லை.

"ஒண்டுதானே, விடுங்கோ" என்றார் லொறிக்காரர்.

நான் விடவில்லை. கணக்காய்வு எனக்குத் தெரியும். படிவத்தில் முந்நூறு என்றால் முந்நூறுதான், இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றால் ஒன்றுமே இல்லை என்றுதான் அர்த்தம்.

செலீன் தன் இடத்தில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "யாருன்னே தெரியாத எனக்கு முதல் லொறியை நம்பி அனுப்பின சனம் ஐயா. ஒஸ்வால்ட் போனப்புறம் நான் வயிறாறச் சாப்பிட்டது அவங்களாலதான். என் கைல குடுத்ததை நான் தொலைச்சுட்டேனே" என்று அழுதாள்.

அவளைத் தேற்றக் குனிந்தேன். அவள் உட்கார்ந்திருந்த கோதுமைமாச் சாக்குக்குக் கீழே ஒரு நீல விளிம்பு தெரிந்தது.

"செலீன், எழும்பும்."

"என்ன ஐயா?"

"எழும்பும் எண்டு சொல்லுறன்."

எழுந்தாள். சாக்கை இழுத்தேன். நாற்பத்தாறு! ஆறு வருடமாக அதன் மேல் உட்கார்ந்து தக்காளி விற்றிருக்கிறாள். அவள் அழுகையோடு சிரித்தாள், நான் சிரிப்போடு அழுதேன். லொறிக்காரர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கூடையை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எண்ணினார்கள். முந்நூறும் நின்றன. திட்டம் யேசுரட்ணத்தின் சங்கத்துக்கே கிடைத்தது. இது ஒரு மாகாணத் திணைக்களம் செய்த வேலை என்று நான் இப்போது வாய்விட்டே சொல்கிறேன்.

கொட்டில் கட்டி முடிய ஐந்து மாதம் ஆனது. இருக்கையாக இருந்த கூடை போய்விட்டதால், அதுவரை செலீன் நின்றுகொண்டே விற்றாள். நான் வீட்டிலிருந்து உட்காரக் கதிரை ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். நடைபாதையை அடைக்கிறது என்று திருப்பிவிட்டாள். முழங்கால் வீங்கி, மாலையில் பஸ் ஏறக் கஷ்டப்பட்டாள்.

புதிய கொட்டிலிலிருந்து முதல் லொறி வந்த காலை நானும் அங்கே நின்றேன். கூடைகளில் தக்காளி ஒன்றுகூட நசுங்கவில்லை. கடைசியாக லொறிக்காரர் சணல் கயிறு கட்டிய பொதி ஒன்றை இறக்கினார். பிரித்தால், சின்னதாக ஒரு மர முக்காலி. கூடையின் அதே நீலம் பூசி, விளிம்பில் வெள்ளை மையால் சங்கத்தார் எழுதியிருந்தார்கள்.

"செலீன் அக்காவுக்கு. இதைத் திருப்பித் தரத் தேவையில்லை."

மூன்று தரம் வாசித்துவிட்டு அவள் உட்கார்ந்தாள்.